மிதிவண்டி பெற்ற வழியுரிமை

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கியிருக்கின்றன. ஆயினும், அன்றாடம் நாம் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. எண்ணிப் பாராமலே நாம் கடைப்பிடிக்கும் விதிகளுக்கும் வரலாறு உண்டு. மிதிவண்டியில் மணி எதற்காக வைக்கப்பட்டது? இரவில் விளக்கில்லாமல் செல்லலாகாது என்னும் சட்டம் எப்போது பிறந்தது? பேருந்தும் லாரியும் விரைந்து செல்லும் பெருஞ்சாலையில், பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவன் தன் மிதிவண்டியை ஓட்டிச் செல்ல உரிமை பெற்றிருக்கிறானே, அந்த உரிமையை அவனுக்கு வழங்கியவர் யார்? மாணவ நண்பர்களே, இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

விடை தேடி நாம் ஐரோப்பாவுக்கு, சிறப்பாக இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். மிதிவண்டி பெரும்பாலும் வளர்ந்தது அங்கேதான். நம் நாட்டுச் சாலை விதிகள் பலவற்றின் மூலமும் அங்கேயே உள்ளது. நாம் இடப்புறமாகச் செல்லும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பாலத்தில் வண்டிகளின் நெரிசல் தாங்க முடியாமற் போனபோது, எல்லா வண்டிகளும் இடப்புறமாகவே செல்லவேண்டும் என்று 1722-ஆம் ஆண்டில் அந்நகரத் தலைவர் ஆணையிட்டார். 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இவ்விதியை நாட்டுக்குப் பொதுவாக்கியது. அதே சட்டம் வேறொன்றும் சொல்லிற்று: நடப்பவர்களுக்கென அமைந்த ஓரப்பாதையில் எவரும் குதிரையையோ வண்டியையோ செலுத்தலாகாது. இந்தச் சட்டம் எழுதப்பட்ட நாளில் மிதிவண்டி என்னும் பொருள் இங்கிலாந்தின் சாலைகளில் வழங்கவில்லை. இருப்பினும், நம் கதையின் மையத்தில் இச்சட்டமே நிற்கப்போகிறது.

மிதிவண்டியின் மூதாதை பிறந்தது ஜெர்மனியில். மான்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், மரத்தாலான இருசக்கர ஊர்தி ஒன்றில் அமர்ந்து ஊருக்கு வெளியே நெடுந்தூரம் சென்று திரும்பினார். அவ்வூர்திக்குப் பெடல் இல்லை, சங்கிலி இல்லை. இரு காலாலும் நிலத்தை மாறி மாறி உந்தித் தள்ளியே முன்செல்ல வேண்டும். புதுமையை விரும்பிய இளைஞர்கள் இதனை ஆவலுடன் வரவேற்றனர். ஆனால் அக்காலத்துச் சாலைகளோ குதிரை வண்டிகளின் சக்கரங்கள் உழுத பள்ளங்கள் நிறைந்தவை. அவற்றில் இருசக்கர ஊர்தியைச் சாயாமல் செலுத்துவது அரிது. ஆகவே, ஓட்டியவர்கள் சமமாக இருந்த ஓரப்பாதைகளில் ஏறினார்கள். நடந்து செல்வோர் அஞ்சி ஒதுங்கினார்கள், முறையிட்டார்கள். அதே 1817-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே மான்ஹைம் நகரில் ஓரப்பாதைகளில் இவ்வூர்தியை ஓட்டுதல் தடை செய்யப்பட்டது. 1819-ஆம் ஆண்டில் லண்டனில் இதே ஊர்தி பரவியபோது அங்கும் இதே கதைதான். ஓரப்பாதையில் சட்டம் தடுத்தது. சாலையில் பள்ளங்கள் தடுத்தன. தனக்கென ஓர் இடமின்றி அந்த முதல் ஊர்தி சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம் என்று நான் கருதுகிறேன். ஒரு புதுப்பொருள் நிலைபெறுவதற்கு அதன் இயந்திர அமைப்பு மட்டும் போதாது. அது உலவுவதற்குப் பொதுவிடத்தில் ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தைப் பிறர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். டிரைஸின் ஊர்திக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் பெடலைப் பொருத்தினார்கள். ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே, விரைவு வேண்டுமாயின் சக்கரம் பெரிதாக வேண்டும். 1870-களில் இங்கிலாந்தில் முன்சக்கரம் ஓராள் உயரத்தை எட்டுமளவு வளர்ந்தது, பின்சக்கரம் சிறுத்தது. அதன் உச்சியில் அமர்ந்து, குதிரை வண்டிகளையும் முந்திக்கொண்டு இளைஞர்கள் பறந்தார்கள். பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். ஓசையின்றி வரும் இந்த விந்தையான ஊர்தியைக் கண்டு குதிரைகள் மிரண்டன. வண்டியோட்டிகள் சினங்கொண்டார்கள். 1876-ஆம் ஆண்டில் லண்டனுக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கும் இடையே ஓடிய பயண வண்டியின் சாரதி, தன்னைக் கடக்க முயன்ற மிதிவண்டிக்காரர் ஒருவரைச் சாட்டையால் அடித்தார். வண்டியில் இருந்த காவலாளோ கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்தினுள் வீசி, அவரை வண்டியோடு தரையில் இழுத்துச் சென்றார். இருவருக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. குண்டு முன்கூட்டியே கயிற்றில் கட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சாலையில் இடம் பங்கிடுவது பற்றிய பூசல் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

மிதிவண்டிக்காரர்களிலும் குற்றமற்றவர் எல்லோரும் அல்லர். மலைச்சரிவில் கட்டுப்பாடின்றி இறங்குவோரும், முன்னறிவிப்பின்றி வழிப்போக்கரின் பின்னால் வந்து திடுக்கிடச் செய்வோரும் இருந்தனர். 1878-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், மிதிவண்டிகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தத் துணைவிதிகள் செய்துகொள்ளும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியாளர்களுக்கு வழங்கிற்று. இதனால் ஒரு மாவட்டத்தில் ஒரு விதி, அடுத்த மாவட்டத்தில் வேறொரு விதி என்னும் நிலை தோன்றிற்று. நீண்ட பயணம் செல்பவன் எல்லை தாண்டுந்தோறும் சட்டமும் மாறுமே என்று கவலைப்பட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹாரோகேட் என்னும் ஊரில் மிதிவண்டிப் பயணச் சங்கம் தோன்றியது. தங்கள் உரிமையைக் காப்பதற்கு ஒன்றுகூடவேண்டும் என்று அவர்கள் உணர்ந்த காலம் அது.

இப்போது நம் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். லண்டனுக்கு வடக்கே மஸ்வெல் ஹில் என்னும் மேட்டுச் சாலை இருக்கிறது. அதன் சரிவில் ஒருவர் மிதிவண்டியில் கண்மூடித்தனமான வேகத்தில் இறங்கினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறருக்கு ஆபத்து நேருமாறு வண்டியைத் தறிகெட்ட வேகத்தில் ஓட்டுவது குற்றம். ஓட்டியவர் தரப்பில் சாமர்த்தியமான வாதம் ஒன்று எழுந்தது. சட்டம் வண்டியைப் பற்றி அல்லவா பேசுகிறது? மிதிவண்டி ஒரு வண்டியா? அச்சட்டம் எழுதப்பட்ட நாளில் அது இல்லவே இல்லையே! இவ்வழக்கு மேல்நீதிமன்றத்துக்குச் சென்றது. 1879-ஆம் ஆண்டில் நீதிபதிகள் மெல்லரும் லஷ்ஷும் தீர்ப்பளித்தனர். மனிதனைச் சுமந்து செல்லும் எதுவும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கு வண்டியே. ஆகவே, மிதிவண்டியும் வண்டிதான். தண்டனை செல்லும் என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு மிதிவண்டிக்காரர்கள் வருந்தினார்களா, மகிழ்ந்தார்களா என்று நான் வகுப்பில் மாணவர்களைக் கேட்பதுண்டு. வருந்தியிருப்பார்கள் என்பதே முதலில் வரும் விடை. சற்றுச் சிந்தித்தபின், கடைசி வரிசையிலிருந்து எவனாவது ஒருவன் எழுந்து, “ஐயா, வண்டி என்று ஒப்புக்கொண்டால் சாலையில் போகலாம் என்றும் ஆகிறதே!” என்பான். அவன் சொல்வதே சரி. தண்டிக்கப்பட்டவர் ஒருவர், ஆனால் அவருடைய தண்டனையின் வாயிலாக நாட்டிலுள்ள மிதிவண்டிகள் அனைத்துக்கும் வண்டி என்னும் தகுதி கிடைத்துவிட்டது. வண்டியின் கடமை அதற்கு உண்டு என்றால், வண்டியின் வழியுரிமையும் அதற்கு உண்டு. கடமையும் உரிமையும் ஒரே தீர்ப்பில், ஒரே சொல்லின் பொருளில் பிறந்தன. சட்டத்தின் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

எனினும், ஒரு தீர்ப்பால் மட்டும் ஐயம் முழுதும் நீங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டாகிய 1880-ல் சுங்கச்சாவடி ஒன்றைப் பற்றிய வழக்கு வந்தது. வண்டிகளுக்குரிய சுங்கத்தை மிதிவண்டியிடமும் வாங்கலாமா என்பது கேள்வி. அந்தச் சுங்கச் சட்டம் இன்னின்ன வகை வண்டிகள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருந்தது. அவ்வகையில் மிதிவண்டி அடங்காது என்று நீதிமன்றம் கூறிற்று. வேகக் குற்றத்துக்கு அது வண்டி. சுங்கத்துக்கு அது வண்டியன்று! இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கப் பாராளுமன்றமே முன்வரவேண்டியதாயிற்று.

1888-ஆம் ஆண்டில் உள்ளாட்சி நிர்வாகத்தைச் சீர்திருத்தப் பெரியதொரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் 85-ஆம் பிரிவு மிதிவண்டிகளைப் பற்றியது. இருசக்கர, முச்சக்கர மிதிவண்டிகளும் அவைபோன்ற பிறவும் நெடுஞ்சாலைச் சட்டங்களின் பொருளில் வண்டிகளே என்று அது ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. மாவட்டந்தோறும் வேறுபட்ட விதிகளைச் செய்ய இடமளித்த 1878-ஆம் ஆண்டு ஏற்பாட்டையும் நீக்கியது. இவற்றோடு இரண்டு கடமைகளை விதித்தது. கதிரவன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னும், தோன்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னும் உள்ள இரவுப் பொழுதில் விளக்கு எரியவேண்டும். வண்டியையோ குதிரையையோ நடந்து செல்வோரையோ கடக்கும்போது தக்க தொலைவிலேயே மணி ஒலித்தோ ஊதல் ஊதியோ எச்சரிக்கவேண்டும். தவறினால் 40 ஷில்லிங் வரை அபராதம்.

நாம் முதலில் கேட்ட கேள்விகளுக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. மிதிவண்டியின் மணியும் விளக்கும், அது சாலையில் இடம்பெற்ற அதே சட்டப் பிரிவில் பிறந்தவை. மணி, தன்னிலும் எளியவனாகிய நடைவழிப்போக்கனுக்காக வைக்கப்பட்டது. ஓசையில்லாமல் வருவது மிதிவண்டியின் சிறப்பு. அச்சிறப்பே நடப்பவனுக்கு ஆபத்தாகும் என்பதால் ஓசை கொடுக்கும் கடமை அதன்மேல் ஏற்றப்பட்டது.

இதே போராட்டம் அமெரிக்காவிலும் நடைபெற்றது. 1880-ஆம் ஆண்டில் அமெரிக்க மிதிவண்டிக்காரர் சங்கம் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் தோன்றியது. பூங்காக்களிலும் நகரச் சாலைகளிலும் மிதிவண்டிக்கு இருந்த தடைகளை எதிர்த்து அது வாதாடிற்று. 1887-ல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் மிதிவண்டிக்கும் பிற வண்டிகளுக்கு இணையான சாலையுரிமையை வழங்கியது. நல்ல சாலைகள் வேண்டும் என்று அந்நாட்டில் எழுந்த பேரியக்கத்துக்கு வித்திட்டவர்களும் மிதிவண்டிக்காரர்களே. பின்னாளில் மோட்டார்கள் வழுக்கி ஓடுவதற்கு ஏற்ற சாலைகளை வேண்டிக் குரல் கொடுத்தவர்கள் அவர்களே என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை எனலாம்.

இதற்கிடையில் மிதிவண்டியின் உருவமும் மாறிற்று. 1885-ல் காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுள்ளதாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலுமாறு ஒரு மிதிவண்டியை வெளியிட்டார். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் அமைப்பு இவ்விரண்டாலும் உருவானதே. விலை குறையக் குறைய, தொழிலாளரும் பெண்களும் மிதிவண்டியில் ஏறினார்கள். செல்வர் வீட்டு இளைஞரின் விளையாட்டுப் பொருளாயிருந்தது, உழைப்பவரின் ஊர்தியாயிற்று.

பெற்ற உரிமையை இழந்துவிடக் கூடாதே என்னும் அச்சமும் அவர்களிடம் இருந்தது. சாலைகளில் பந்தயம் ஓட்டிப் பொதுமக்களின் வெறுப்பைச் சம்பாதித்தால் சட்டம் தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று எண்ணி, 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் தேசிய மிதிவண்டியாளர் சங்கம் கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயங்களைத் தானே விலக்கி வைத்தது. பின்னர் பிட்லேக் என்பவர் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடும் முறையை 1895-ல் ஏற்படுத்தினார். விடியற்காலையில், கறுப்பு உடையணிந்து, பந்தயம் நடப்பதே பிறருக்குத் தெரியாவண்ணம் அவை நடைபெற்றன. போட்டி நடக்கும் சாலையின் பெயரைக்கூட வெளிப்படையாகச் சொல்லாமல் குறியெழுத்தால் வழங்கினார்கள். 1942-ல் பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் இக்கட்டுப்பாட்டை மீறி லாங்கோலன் நகரிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை பந்தயம் நடத்திய போது, அவரைத் தடை செய்தவர்கள் மிதிவண்டிச் சங்கத்தாரே. அவர்களுடைய அச்சம் அளவுக்கு மீறியது என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆயினும், அரை நூற்றாண்டுக் காலம் ஓர் உரிமையை இவ்வளவு கண்ணுங்கருத்துமாகக் காத்த மனிதரை மதியாதிருக்க முடியவில்லை.

மோட்டாரின் வருகை எல்லாவற்றையும் மாற்றியது. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டாரால் உயிரிழந்த முதல் வழிப்போக்கராக அவர் கருதப்படுகிறார். 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்னும் வேக வரம்பை விதித்தது. 1930-ஆம் ஆண்டுச் சட்டமோ, எவரும் அதை மதிப்பதில்லை என்னும் காரணத்தால், சாதாரண மோட்டார்களுக்கு அவ்வரம்பையே நீக்கிவிட்டது. அதற்கு ஈடாகச் சாலையைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் நன்னடத்தை நெறிகளைக் கூறும் நெடுஞ்சாலைக் கையேடு ஒன்று 1931-ல் ஒரு பென்னி விலையில் வெளியிடப்பட்டது. நூல் நல்ல நூல்தான். ஆனால் 1934-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நடந்து சென்றவர்களும் மிதிவண்டியில் சென்றவர்களுமே. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் கட்டடங்கள் நெருங்கிய குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது. மோட்டார் ஓட்டப் புதிதாக வருவோர்க்குத் தேர்வும் கட்டாயமாயிற்று.

அக்காலத்தில் இரண்டு பெரும் வாதங்கள் எழுந்தன. முதலாவது, பின்விளக்கைப் பற்றியது. மிதிவண்டியின் பின்புறத்தில் சிவப்பு விளக்கையோ ஒளியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடியையோ பொருத்தவேண்டும் என்று 1927-ல் சட்டம் வந்தது. விளக்கே கட்டாயமாக வேண்டும் என்று மோட்டார்க்காரர்கள் கோரினார்கள். மிதிவண்டிச் சங்கத்தார் மறுத்தார்கள். தன் விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டுவது பின்னால் வருபவனின் கடமை. சாலையில் நடப்பவனுக்கும் படுத்திருக்கும் மாட்டுக்கும் விளக்கு உண்டா? எளியவன் தன்னைக் காட்டிக்கொள்ளத் தவறினான் என்று சொல்லி வலியவன் தன் பொறுப்பைக் கைகழுவ இடமாகும் என்பது அவர்கள் வாதம். போர்க்காலத்தில் ஊரெங்கும் விளக்கணைப்பு வந்ததும் பின்விளக்கு தவிர்க்க முடியாததாயிற்று. 1945-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலையாக்கியது.

இரண்டாவது வாதம், தனிப்பாதையைப் பற்றியது. 1934-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்னும் சாலையோரத்தில் இரண்டரை மைல் நீளத்துக்கு அமைந்த மிதிவண்டிப் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்துவைத்தார். மகிழவேண்டிய மிதிவண்டிச் சங்கத்தார் எதிர்த்தார்கள். இன்று தனிப்பாதை தருவார்கள். நாளை பெருஞ்சாலையில் வராதே என்பார்கள். 1888-ல் பெற்ற உரிமை பறிபோகும் என்றார்கள். இந்த ஐயம் வெறும் கற்பனையன்று. அதே 1934-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வந்த போக்குவரத்துச் சட்டம், தனிப்பாதை உள்ள இடங்களில் மிதிவண்டிகள் அதிலேயே செல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

இவ்விரு வாதங்களிலும் நியாயம் எவர் பக்கம்? பின்விளக்கைப் பொறுத்தவரை, சங்கத்தாரின் கொள்கை சரியானது. அதிலிருந்து அவர்கள் வந்த முடிவு சரியன்று என்பது என் கருத்து. பின்னால் வருபவனுக்குப் பொறுப்பு உண்டு என்பதனால், முன்னால் செல்பவன் இருளில் மறைந்து செல்லலாம் என்று ஆகிவிடாது. விளக்கு யாருக்கும் பணிந்து கொடுக்கும் வரியன்று. அது ஓட்டுபவனின் உயிர்க்காவல். தனிப்பாதையைப் பொறுத்தவரை, பிற்கால வரலாறு வேறொரு விடை தந்தது. நெதர்லாந்து நாட்டில் 1971-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவது சில வாரங்கள் நிறுத்தப்பட்டபோது, மோட்டாரில்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். அதன்பின் அந்நாட்டார் அகலமான, தொடர்ச்சியான மிதிவண்டிப் பாதைகளைக் கட்டினர். மோட்டாருக்கும் மிதிவண்டிக்கும் மோதல் நேர்ந்தால், தவிர்க்கவே முடியாத நிகழ்ச்சி என்று மெய்ப்பித்தாலன்றி, இழப்பை மோட்டார்க்காரரே ஏற்கவேண்டும் என்னும் சட்டமும் அங்கே உண்டு. தனிப்பாதை மிதிவண்டிக்காரனை ஒதுக்கி வைக்கவே பயன்படும் என்ற அச்சம் அங்கே பொய்யாயிற்று. பாதையைக் கட்டுபவன் எவனை மதித்துக் கட்டுகிறான் என்பதைப் பொறுத்ததே அது.

1968-ல் வியன்னா நகரில் உருவான பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, மிதிவண்டியையும் வாகனங்களுள் ஒன்றாகக் கொண்டு விதிகள் வகுத்தது. ஒரு கையேனும் பிடியில் இருக்கவேண்டும். வேறு வாகனத்தைப் பற்றிக்கொண்டு இழுபட்டுச் செல்லலாகாது. பிரேக்கும் மணியும் இருக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. 1931-ல் ஒரு பென்னிக்கு விற்ற அந்தக் கையேடும் பலமுறை திருத்தப்பெற்று வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜனவரித் திருத்தத்தில், சாலையில் பிறருக்கு மிகுதியான தீங்கு விளைவிக்க வல்லவர் எவரோ, அவருக்கே மிகுதியான பொறுப்பு என்னும் நெறி அதில் இடம்பெற்றது. லாரி ஓட்டுபவர் மோட்டாருக்கும், மோட்டார் ஓட்டுபவர் மிதிவண்டிக்கும், மிதிவண்டி ஓட்டுபவர் நடப்பவருக்கும் பொறுப்பாளர். மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்றும் அது கூறுகிறது. பின்விளக்கு வாதத்தில் மிதிவண்டிச் சங்கத்தார் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஏட்டில் ஏறிவிட்டது. அந்த ஏணியின் நடுப்படியில் மிதிவண்டிக்காரனே நிற்கிறான் என்பதையும் கவனியுங்கள். மேலே உள்ளவரிடம் அவன் எதிர்பார்க்கும் பொறுமையை, கீழே நடந்து செல்பவருக்கு அவன் காட்டவேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். விளக்கில்லாமல் சென்றாலும், இருவர் ஏறிச் சென்றாலும் போலீஸார் மிதிவண்டியை நிறுத்திய காலம் ஒன்று நம் நகரங்களில் இருந்தது. ஆண்டுதோறும் வரி செலுத்தி, உள்ளாட்சி மன்றத்தின் தகட்டு வில்லையை வண்டியில் பொருத்தவேண்டியும் இருந்தது. அவ்வழக்கங்கள் தேய்ந்து மறைந்தபோது, விளக்கும் மணியும் சேர்ந்து மறைந்துவிட்டன. போலீஸாருக்கு அஞ்சியே அவற்றை வைத்திருந்தோம் என்று இதனால் ஆகிறது. அவற்றின் வரலாற்றை அறிந்திருந்தால் அவ்வாறு கைவிட்டிருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர் பல்லாயிரவருக்கு அரசே விலையின்றி மிதிவண்டி வழங்குகிறது. வழங்கும் நாளிலேயே இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும் என்பது என் ஆசை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்த எண்ணைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டா. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிகளாக எண்ணிப் பாருங்கள்: ஓராண்டில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் வெறுமையாயின என்று பொருள். இவ்வளவுக்கும் மிதிவண்டிக்காரரைக் குறைகூறுவது அறியாமை. வேகமும் எடையும் உடைய வாகனங்களே உயிரைப் போக்குகின்றன. அவற்றை ஓட்டுவோரும், சாலையை அமைப்போரும், சட்டத்தைச் செயற்படுத்துவோருமே முதற்பொறுப்பாளர். இதனைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் உங்கள் பங்கும் உண்டு. இடப்புறமாகவே செல்லுங்கள், குறுக்குவழி என்று எதிர்த்திசையில் வாராதீர்கள். எதிர்த்திசையில் வருபவனின் வேகமும் எதிரே வருகிற வாகனத்தின் வேகமும் ஒன்று சேரும் என்பதை உங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்லியிருப்பார். திரும்புவதற்கு முன் பின்னே நோக்கி, கையை நீட்டிக் காட்டுங்கள். சிவப்பு விளக்குக்கு நில்லுங்கள். லாரியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு செல்வதை வீரமென எண்ணாதீர்கள். முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். நடப்பவரைக் கடக்கும்போது மணியை மென்மையாக ஒலியுங்கள். இவற்றையெல்லாம் நீங்கள் செய்யும்போது, 1879-ல் அந்த நீதிமன்றத்தில் கிடைத்த தகுதியை ஒவ்வொரு நாளும் நீங்களே உறுதிப்படுத்துகிறீர்கள். விதிப்படி செல்லும் மிதிவண்டிக்காரனைப் பார்த்து, ஓரமாகப் போ என்று அதட்ட எந்த மோட்டார்க்காரனுக்கும் உரிமையில்லை.

இன்னும் ஒன்று. உங்களில் பலர் பதினெட்டு வயது நிரம்பியதும் மோட்டார் சைக்கிளுக்கு மாறுவீர்கள். சிலர் கார் ஓட்டுவீர்கள். பேருந்தும் லாரியும் ஓட்டுவோரும் உங்களிலிருந்தே வருவார்கள். அன்று உங்கள் கையில் எடையும் வேகமும் மிகுந்திருக்கும். சாலையோரத்தில் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு ஒரு மாணவி மிதிவண்டியில் செல்வாள். அவளுடைய வண்டியும் சட்டத்தின்முன் ஒரு வண்டியே என்பதை நினைவுகூர்ந்து, வேகத்தைக் குறைத்து, கைநீளத்துக்கு மேலாக இடம்விட்டு அவளைக் கடந்து செல்லுங்கள்.